எல்லா ஐசோலேட்டும் ஃபிம்எச் பாசிட்டிவ்! வைவால "அதனால என்ன?"ன்னு கேட்டுட்டாங்க

அகார்தட்டு · திங்கள், இரவு 10:42

எம்.எஸ்சி மைக்ரோ கடைசி வருஷம். ப்ராஜெக்ட்: சிறுநீர்ப் பாதைத் தொற்று வந்தவங்க யூரின் சாம்பிள்ல இருந்து ஈ.கோலை பாக்டீரியாவைப் பிரிச்சு, செல்லுல ஒட்டுறதுக்கு அது நீட்டுற மெல்லிய இழையான பிலிக்கு ஜீன் இருக்கான்னு பிசிஆர் (டிஎன்ஏ துண்டைப் பெருக்கிக் கண்டுபிடிக்கிற சோதனை) போட்டுப் பார்க்கிறது. நாற்பது சொச்சம் ஐசோலேட், அதாவது சாம்பிள்ல இருந்து தனியா பிரிச்சு வளர்த்த பாக்டீரியா. பிலியோட நுனிப் புரதமான ஃபிம்எச்-சோட ஜீனுக்குப் போட்டதுல அத்தனையும் பேண்ட் (ஜீன் இருந்தா ஜெல்லுல தெரியிற கோடு) வந்துச்சு. ஒண்ணு விடாம. ஜெல் படம் அவ்ளோ அழகா இருந்துச்சு, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்லயே போட்டேன்.

இன்னிக்கு ப்ரீ-வைவா. வெளியில இருந்து வந்த எக்ஸாமினர் ஸ்லைடைப் பார்த்துட்டு, "நல்ல ஆளோட மலத்துல இருந்து ஈ.கோலை எடுத்து இதே பிசிஆர் போட்டா என்ன வரும்?"ன்னு கேட்டார். தெரியலைன்னேன். "அதுலயும் இதே பேண்ட்தான் வரும். அதனால என்ன?"ன்னு கேட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போகச் சொல்லிட்டார். பக்கத்துல இருந்த என் கைடும் வாயே திறக்கலை.

மூணு வாரம் இருக்கு. இதை எப்படிக் காப்பாத்துறது? இல்ல, காப்பாத்த ஒண்ணுமே இல்லையா?

பழைய_லேப்காரர் · திங்கள், இரவு 11:15

அழாதம்மா. எக்ஸாமினர் கேட்டது சரியான கேள்வி, கேட்ட விதம்தான் சரியில்லை.

நான் முப்பது வருஷம் கல்ச்சர் பெஞ்சுல உட்கார்ந்தவன். எங்க காலத்துல ஜீன் கீன் எல்லாம் கிடையாது. கினிப்பன்றி ரத்தத்தைக் கழுவி வச்சுக்கிட்டு, ஸ்லைடுல ஒரு சொட்டு விட்டு, பாக்டீரியாவைக் கலக்கி, கையில பிடிச்சு ஆட்டுவோம். ஒரு நிமிஷத்துல பால் திரிஞ்ச மாதிரி திட்டுத்திட்டா வரும். பக்கத்துல இன்னொரு சொட்டு, அதுல மேனோஸ் சர்க்கரை கொஞ்சம். அது திரியாது, வழவழன்னு அப்படியே ஓடும். பிலி மேனோஸைத்தான் பிடிக்குது, சர்க்கரையே அந்த இடத்துல போய் உட்கார்ந்துட்டா செல்லைப் பிடிக்க இடமில்லைங்கிறது அந்த ரெண்டு சொட்டுலயே தெரிஞ்சிடும். 1955-லயே கண்டுபிடிச்ச சங்கதி இது. அதே வருஷம்தான் ஸ்காட்லாந்துக்காரர் டியூகிட் இந்த இழைகளுக்கு ஃபிம்பிரியேன்னு பேர் வச்சார். பின்னால அமெரிக்காவுல பிரிண்டன் பிலின்னார். அந்த ரெண்டு பெயருமே இன்னிக்கு வரைக்கும் ஓடிட்டிருக்கு, பசங்க மண்டையும் காயுது.

விஷயத்துக்கு வரேன். ஒரே ஐசோலேட், இன்னிக்கு அகார்ல (கெட்டியான ஊட்டத் தட்டு) இருந்து எடுத்து ஆட்டினா திரியாது. அதையே ப்ராத்துல (திரவ ஊட்டம்) போட்டு, ஆட்டாம அசைக்காம ரெண்டு நாள் வச்சு எடுத்தா திரியும். ஜீன் ரெண்டு நாளைக்கும் அதேதான். அப்ப உன் பிசிஆர் எதைச் சொல்லுச்சு?

வைகைக்கரை · செவ்வாய், காலை 6:50

லேப்காரர் ஐயா சொன்னதுக்குப் பின்னால இருக்கிற மெக்கானிசத்தை நான் சொல்றேன். பிஎச்டி-யில மூணு வருஷமா இதோடதான் குடும்பம் நடத்துறேன்.

நீங்க பார்த்த ஃபிம்எச் இருக்கிற பிலிக்குப் பேர் டைப் 1. அதுக்கு ஒரு ஜீன் இல்ல, ஒரு கூட்டமே இருக்கு. ஃபிம்ஏ தண்டு. ஒரு இழையில ஆயிரம் ஃபிம்ஏ-வுக்கும் மேல சுருள் சுருளா அடுக்கி, ஏழு நானோமீட்டர் தடிமன்ல ஒரு கயிறு. நுனியில ஃபிம்எஃப், ஃபிம்ஜி, எல்லாத்துக்கும் உச்சியில ஒரே ஒரு ஃபிம்எச். மேனோஸைப் பிடிக்கிறது அந்த ஒண்ணுதான். ஃபிம்சி கூட்டிட்டு வர்ற ஆள், ஃபிம்டி வெளிச்சவ்வுல இருக்கிற வாசல்.

இதை நான் ஜூனியர்களுக்குப் பூக்கட்டுறதை வச்சுத்தான் சொல்லுவேன். பிலியோட ஒவ்வொரு புரதத்துலயும் மடிப்புல ஒரு பட்டை குறையும், அந்த இடம் பள்ளமா இருக்கும். தனியா விட்டா உருக்குலைஞ்சிடும். ஃபிம்சி தன்னோட ஒரு பட்டையை அந்தப் பள்ளத்துல கொடுத்து, பூவை விரலால அழுத்திப் பிடிக்கிற மாதிரி பிடிச்சு வாசலுக்குக் கொண்டு வருது. அடுத்த பூ வந்து தன் வாலை அந்தப் பள்ளத்துல சொருகினதும்தான் விரல் எடுபடும். 1999-ல ரெண்டு ஆய்வுக் குழு ஒரே சமயத்துல இந்தக் கட்டமைப்பைப் படிகமாக்கிக் காட்டினாங்க, ஒண்ணு ஃபிம் பக்கம், இன்னொண்ணு பாப்-ங்கிற வேற பிலி பக்கம். முதல்ல வெளியே போறது ஃபிம்எச். அதுதான் வாசலைத் திறந்துவிடுறதும். அது இல்லைன்னா ஒழுங்கா இழையே வராது.

இப்ப உங்க கேள்வி. ஃபிம்ஏ-க்கு முன்னால 314 எழுத்து நீளத்துல ஒரு டிஎன்ஏ துண்டு இருக்கு, பேர் ஃபிம்எஸ். ரெண்டு முனையிலயும் ஒன்பது எழுத்து, ஒண்ணுக்கொண்ணு தலைகீழா. ஜீனைத் தொடங்கி வைக்கிற ப்ரோமோட்டர் அதுக்குள்ள உட்கார்ந்திருக்கு. ஃபிம்பி, ஃபிம்ஈ-ன்னு ரெண்டு நொதி அந்தத் துண்டை வெட்டித் திருப்பி ஒட்டும். ஃபிம்ஏ பக்கம் பார்த்தா ஆன். முதுகைக் காட்டினா ஆஃப். ஃபிம்பி ரெண்டு பக்கமும் திருப்பும். ஃபிம்ஈ பெரும்பாலும் ஆஃப் பக்கமே தள்ளும்.

ஆக, ஃபிம்எச் இருக்குன்னு சொல்றது வீட்டுல ஸ்விட்ச் போர்டு இருக்குன்னு சொல்ற மாதிரி. லைட் எரியுதான்னு யாரும் பார்க்கலை.

சும்மா_படிக்கிறவன் · செவ்வாய், காலை 9:05

நான் பேங்க்ல வேலை பார்க்கிறேன், தப்பா நினைக்காதீங்க. ஒரு சந்தேகம். ஒட்டினாத்தானே பாக்டீரியாவுக்கு லாபம்? அப்புறம் எதுக்கு ஆஃப் பண்ணணும்? எப்பவும் ஆன்லயே இருந்தா என்ன?

வைகைக்கரை · செவ்வாய், காலை 9:40

நல்ல கேள்வி சார், என் டாக்டரல் கமிட்டி கூட இதைக் கேட்கலை :)

ஒட்டுறவன் மாட்டிக்குவான். நம்ம சிறுநீர்லயே யூரோமாடுலின்னு ஒரு புரதம் ஓடிட்டே இருக்கு, டாம்-ஹார்ஸ்ஃபால் புரதம்னும் சொல்லுவாங்க. மேனோஸ் சர்க்கரையைச் சுமந்துட்டிருக்கும் அது. பிலி நீட்டின பாக்டீரியா மூத்திரப்பை சுவர்னு நினைச்சு அதைப் பிடிச்சா, சிறுநீரோட வெளியே போக வேண்டியதுதான். பிலியைப் பார்த்து நம்ம வெள்ளணுவும் ஆன்டிபாடியும் அடையாளம் கண்டுபிடிக்கும். ஆயிரக்கணக்குல புரதம் அடுக்குற செலவு வேற. அதனால ஒரு கூட்டத்துல எப்பவும் சிலது ஆன், சிலது ஆஃப். எந்தப் பக்கம் அடி விழுந்தாலும் மிச்சப் பாதி பிழைச்சுக்கும்.

யாழ்_வெளிச்சம் · செவ்வாய், மதியம் 1:20

வணக்கம். நான் இஞ்ச பொது மருத்துவர். எங்கட பக்கம் சலக்கடுப்பு எண்டு சொல்லுவினம், நீங்கள் நீர்க்கடுப்பு எண்டுறியள்.

தங்கச்சி, உங்கட தலைப்பில "பிலி" எண்டு ஒருமையில எழுதுறீங்கள். ஆனா இந்தக் கிருமிக்குப் பல கை. சிஎஃப்டி073 எண்ட பெயர் போன ரகம், பால்டிமோரில சிறுநீரகத் தொற்று வந்த ஒரு பெண்ணின்ர ரத்தத்தில இருந்து எடுத்தது. 2002இல அதின்ர முழு மரபணுவையும் வாசிச்சுப் பாத்தா, ஒட்டுற இழைக்கான ஜீன் கூட்டம் பத்துக்கு மேல. சலப்பைக்கு டைப் 1, சிறுநீரகத்துக்கு பாப்.

பாப் தான் எனக்குச் சுவாரசியம். அதின்ர நுனிப் புரதம் பாப்ஜி மேனோஸைத் தொடாது. ரெண்டு கேலக்டோஸ் ஒண்டோட ஒண்டு சேர்ந்த ஒரு சர்க்கரையைத்தான் பிடிக்கும். அது எங்கட சிறுநீரகக் கலங்களில இருக்கு, பி (P) ரத்தவகைச் சர்க்கரையும் அதுதான், ஏ, பி, ஓ எண்டு சொல்லுற பி இல்லை. அதாலதான் பி பிலி எண்டு பெயர். அந்தச் சர்க்கரையே இல்லாம பிறக்கிற ஆக்கள் உலகத்தில அருமையா இருக்கினம், அவையின்ர செங்குழியத்தில இந்தக் கிருமி ஒட்டாது. சுவீடன்காரர் இதை 1980 அளவில காட்டினவை.

காய்ச்சல், விலா வலி எண்டு வாற ஆக்களின்ர கிருமியில பாப் ஜீன் கூட. சும்மா குடலில இருக்கிறதில குறைவு. உங்கட ஐசோலேட்டில பாப்ஜி பாத்தனீங்களோ? எல்லாத்திலயும் இருக்கிற ஜீனை எண்ணுறதை விட, சிலதில மட்டும் இருக்கிற ஜீனை எண்ணினா நோயாளியோட ஒப்பிடலாம்.

அகார்தட்டு · செவ்வாய், மாலை 6:30

டாக்டர், பாப்ஜி-க்கு பிசிஆர் போடத் தேவையான ப்ரைமர் (சின்ன டிஎன்ஏ துண்டு) ஃப்ரீசர்ல இருக்கு! சீனியர் வாங்கி வச்சது. ஆனா அதுவும் ஸ்விட்ச்தானே? இருக்குன்னு சொன்னா மறுபடி "அதனால என்ன?" வராதா?

வைகைக்கரை · செவ்வாய், மாலை 7:10

வரும். ஆனா பதில் சொல்லலாம். ஃபிம்எச் கிட்டத்தட்ட எல்லா ஈ.கோலைலயும் இருக்கிற பழைய குடும்பச் சொத்து. பாப் அப்படி இல்ல. பல ரகங்கள்ல அது குரோமோசோம்ல வெளியில இருந்து வந்து சேர்ந்த துண்டுகள்ல உட்கார்ந்திருக்கும், பக்கத்துலயே ரத்த அணுவை உடைக்கிற ஹீமோலைசின் நச்சோட ஜீனும் இருக்கும். அந்தத் துண்டோட வந்ததுன்னு சொல்றதுக்கே ஒரு அர்த்தம் இருக்கு.

அதோட ஸ்விட்ச்சும் வேற ஜாதி. ஃபிம்ல டிஎன்ஏ-வே திரும்பிப் படுக்கும். பாப்ல எழுத்து மாறவே மாறாது. முன்பகுதியில ஜிஏடிசி-ன்னு எழுதின ரெண்டு இடம் இருக்கு. டேம்-னு ஒரு நொதி அதுல எந்த இடத்துல மீத்தைல் பொட்டு வைக்குது, எல்ஆர்பி-ங்கிற புரதம் எந்த இடத்துல உட்கார்ந்து அதைத் தடுக்குதுங்கிறதைப் பொறுத்து ஆன், ஆஃப். செல் பிரியும்போது அந்தப் பொட்டு பிள்ளைக்கும் போகும்.

இன்னொரு விஷயம், எனக்கு ரொம்பப் பிடிச்சது. பாப் ஆன் ஆகும்போது அதுல வர்ற பாப்பி புரதம் போய் ஃபிம்பி-யை அமுக்கிடும். டைப் 1 ஆஃப் பக்கம் சாயும். ஒரு கையை நீட்டினா இன்னொரு கையை மடக்கிக்கும்.

மாட்டுடாக்டர் · செவ்வாய், இரவு 9:25

மனுஷங்க கதையே பேசிட்டிருக்கீங்க. இந்த "ஜீன் இருந்தா நோய் வருமா" கேள்விக்குத் தெளிவா பதில் கிடைச்சது பன்னிக்குட்டியில.

கே88-ன்னு ஒரு பிலி. குட்டி போட்ட முதல் நாட்கள்ல தண்ணி தண்ணியா கழிஞ்சு செத்துப்போகும், பண்ணைக்காரங்களுக்குத் தெரியும். கே88-க்கான ஜீன் பிளாஸ்மிட்ல (குரோமோசோமுக்கு வெளியே இருக்கிற தனி டிஎன்ஏ) இருக்கு, கழட்டி மாட்டலாம். 1971-ல இங்கிலாந்துல ஸ்மித், லிங்கூட்னு ரெண்டு பேர் அந்தப் பிளாஸ்மிட்டைக் கழட்டிட்டு அதே பாக்டீரியாவைக் குட்டிக்குக் கொடுத்தாங்க. கழிச்சல் நின்னு போச்சு. திரும்ப மாட்டினாங்க, நோயும் திரும்பி வந்துச்சு. ஜீனுக்கும் நோய்க்கும் நேர் தொடர்பு காட்டணும்னா இப்படிக் காட்டணும்.

ஆனா பாருங்க, சில குட்டிகள் கே88 கிருமியைக் கொடுத்தாலும் கழியலை. அதுங்க குடல்ல கே88 பிடிக்கிற இடமே இல்ல. அது பரம்பரை, இடம் இருக்கிறது டாமினன்ட், இல்லாதது ரெசசிவ். சரி, எதிர்ப்பு இருக்கிற தாய்ப்பன்னியையே வளர்த்தாப் போச்சுன்னு தோணும்ல? அங்கதான் வில்லங்கம். அந்தத் தாயோட குடல்ல கே88 ஒட்டாததால அவளுக்கு அதுக்கான ஆன்டிபாடி உருவாகாது. சீம்பால்ல அது இருக்காது. கிடா ஒட்டுற ஜாதியா இருந்துட்டா பிறக்கிற குட்டிக்கு ஒட்டும் இடம் அப்பன்கிட்ட இருந்து வந்துடும், பாதுகாப்பு மட்டும் வராது. அந்த ஈத்துக்கே ஆபத்து. சினைப்பன்னிக்கு இந்தப் பிலியை வச்சே தடுப்பூசி போட்டுச் சீம்பால் வழியா குட்டியைக் காப்பாத்துறது அதனாலதான் வந்துச்சு.

ஒட்டுறவன்கிட்ட ஜீன் இருக்கா, ஸ்விட்ச் ஆன்ல இருக்கா, ஒட்ட இடம் இருக்கா. மூணுல ஒண்ணு குறைஞ்சாலும் நோய் இல்ல.

சும்மா_படிக்கிறவன் · புதன், காலை 8:10

உண்மையில நான் இங்க வந்தது வேற காரணத்துக்கு. என் வீட்டம்மாவுக்கு வருஷத்துல நாலு தடவை நீர்க்கடுப்பு. பார்லி தண்ணி, மோர், வெந்தயம்னு எல்லாம் ஆச்சு. இப்ப டி-மேனோஸ் பவுடர்னு ஒண்ணு வாங்கியிருக்காங்க, விலை கொஞ்சநஞ்சமில்ல. லேப்காரர் ஐயா ஸ்லைடுல சர்க்கரை போட்டதும் திரியலைன்னு சொன்னாரே, அப்ப இது வேலை செய்யும்தானே?

பழைய_லேப்காரர் · புதன், காலை 8:45

தம்பி, ஸ்லைடுல வேலை செய்யும். பைக்குள்ள என்ன ஆகும்னு ஸ்லைடுக்குத் தெரியாது.

யாழ்_வெளிச்சம் · புதன், மதியம் 12:55

ஐயா சொன்னது சரி. 2024இல பிரித்தானியாவில 598 பெண்களை வச்சு ஒரு பெரிய சோதனை. எல்லாருக்கும் திரும்பத் திரும்ப சலக்கடுப்பு வாறது. பாதிப்பேருக்கு ஒவ்வொரு நாளும் ரெண்டு கிராம் மேனோஸ், மிச்சப்பேருக்கு ஃப்ரக்டோஸ், ஆறு மாசம். ஆர் எதைச் சாப்பிடினம் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. திரும்பத் தொற்று எண்டு வைத்தியரிட்டை வந்தவை மேனோஸ் பக்கம் 51 சதவீதம், மற்றப் பக்கம் 55.7. வித்தியாசம் எண்டு சொல்ல ஏலாது. முதல் வந்த சின்னச் சோதனை ஒண்டில நல்ல பெறுபேறு வந்ததுதான், அதாலதான் கடையில இவ்வளவு விக்குது.

உங்கட மனைவியை ஒருக்கா வைத்தியரிட்டைக் காட்டுங்கோ. வருசத்தில நாலு தரம் எண்டா கல்ச்சர் எடுத்து, சீனி வருத்தம், கல் எல்லாம் பாக்க வேணும்.

வைகைக்கரை · புதன், மதியம் 1:30

ஏன் ஸ்லைடுல வேலை செஞ்சது பைக்குள்ள செய்யலைங்கிறதுக்கு எனக்குத் தோணுறது: வெறும் மேனோஸை ஃபிம்எச் அவ்வளவு இறுக்கமா பிடிக்காது. அதோட இந்தப் பிடிக்கு ஒரு விசித்திரம் இருக்கு. தொரட்டி பார்த்திருப்பீங்க. கிளையில மாட்டிட்டு இழுக்க இழுக்கப் பிடி இறுகும், தளர்த்தினா கழண்டுக்கும். ஃபிம்எச் அதே மாதிரி. தண்ணி வேகமா ஓடினா இழை இழுபடும், பிடி இறுகும். ஓட்டம் நின்னா லேசா விட்டு நகர்ந்து போகும். 2002-ல சியாட்டில் குழு காட்டினது. மூத்திரம் போற வேகத்துல அடிச்சுட்டுப் போயிடும்னு நினைச்சா, அந்த வேகம்தான் இறுக்குது! மிதக்கிற சர்க்கரையை யாரும் இழுக்கிறதில்ல, அதனால அதுமேல இருக்கிற பிடி தளர்வான பிடிதான்.

இதுக்காகத்தான் மேனோஸோட வளையம் வளையமா இன்னும் சிலதைச் சேர்த்து, பன்மடங்கு இறுக்கமா பிடிக்கிற மேனோசைடுகளைச் செய்றாங்க. எலியில நல்லா வேலை செய்யுது. கடையில விக்கிற பவுடர் அது இல்ல.

நெறியாளர் · புதன், மாலை 4:00

டி-மேனோஸ் விக்கிற லிங்க் போட்ட ரெண்டு பதிவை எடுத்துட்டோம். இனி போட்டா ஐடி போகும்.

பழைய_லேப்காரர் · புதன், இரவு 10:20

மாட்டுடாக்டர் சொன்னதைப் படிச்சதும் 1992 ஞாபகம் வந்துச்சு. அக்டோபர் கடைசி இருக்கும், மெட்ராஸ்ல காலரா. அப்ப எங்க லேப்லயும் சாம்பிள் குவிஞ்சுது. பார்க்கிறதுக்கு அச்சு அசல் காலரா, காலராக் கிருமி வளர்க்கிற டிசிபிஎஸ் தட்டுல மஞ்சள் காலனி எல்லாம் சரியா வருது. வழக்கமான காலரா ரகமான ஓ1-ஐ அடையாளம் காட்டுற ஆன்டிசீரம் விட்டா ஒட்ட மாட்டேங்குது. சீரம் கெட்டுப்போச்சுன்னு புது பாட்டில் உடைச்சோம். அதுலயும் ஒட்டலை. எங்க தலைமை டெக்னீஷியன் என்னைத்தான் திட்டினார், கழுவலை, கை சுத்தம் இல்லைன்னு. அப்புறம்தான் தெரிஞ்சுது, இது உலகம் அதுவரை பார்க்காத புது ரகம், ஓ139. கொஞ்ச மாசத்துல கல்கத்தா, பங்களாதேஷ்னு பரவிடுச்சு.

பின்னால படிச்சது: அந்தக் கிருமி மேல்சட்டையை மட்டும் மாத்தியிருந்துச்சு. ஓ1 சட்டைக்கான ஜீன் போய் வேற சட்டை ஜீன் வந்திருந்தது. உள்ளே இருந்த காலரா நச்சு ஜீன், ஒட்டுற டிசிபி பிலி ஜீன் ரெண்டும் அப்படியே. ஆள் அதே ஆள். நாங்க சட்டையை வச்சுத்தான் அடையாளம் பார்த்துட்டிருந்தோம்.

வைகைக்கரை · வியாழன், காலை 7:05

ஐயா, அந்த டிசிபி-க்கு இன்னொரு வேலையும் உண்டு. 1987-ல கண்டுபிடிச்சப்பவே, நச்சு சுரக்கிற அதே நிலைமையிலதான் பிலியும் வருதுன்னு கவனிச்சு, நச்சோட சேர்ந்து கட்டுப்படுற பிலின்னு பேர் வச்சாங்க. அடுத்த வருஷமே அந்த ஜீன் கெட்ட கிருமியைத் தன்னார்வலர்களுக்குக் கொடுத்துப் பார்த்தாங்க, குடல்ல தங்கவே இல்ல. 1996-ல வால்டர், மெக்கலானோஸ் காட்டினதுதான் உச்சம்: காலரா நச்சு ஜீன் பாக்டீரியாவோட சொந்தச் சரக்கே இல்ல, ஒரு வைரஸ் சுமந்துட்டு வர்றது. அந்த வைரஸ் உள்ளே நுழையப் பிடிக்கிற கைப்பிடி எதுன்னா இந்தப் பிலிதான். பிலி இல்லாத காலராக் கிருமிக்கு அந்த வைரஸ் அவ்வளவு சுலபமா நச்சைக் கொண்டுவந்து கொடுக்க முடியாது.

இதோட அமைப்பு ஃபிம் மாதிரி இல்ல, டைப் 4 குடும்பம். பாக்டீரியாவைப் பாக்டீரியாவோட பின்னிக் கொத்தா ஆக்குறதுதான் அதோட முக்கிய வேலை. மேகவெட்டைக் கிருமியோட பிலியும் அதே குடும்பம்தான். அது பிலிஈ ஜீனுக்குள்ள, பேசாம கிடக்கிற பிலிஎஸ் நகல்கள்ல இருந்து துண்டு துண்டா ஒட்டுப்போட்டு முகத்தையே மாத்திக்கிட்டே இருக்கும். பிலியை வச்சு அதுக்குத் தடுப்பூசி செய்யப் போனவங்க அதனாலதான் தோத்தாங்க. அது தனி இழை போடணும், இங்க வேணாம்.

@அகார்தட்டு, உங்களுக்கு உருப்படியான வழி ஒண்ணு. ஃபிம்எஸ் துண்டைச் சுத்தி பிசிஆர் போடுங்க, 559 எழுத்து நீளத்துல வர்ற அந்தப் பழைய ப்ரைமர் ஜோடி. அதை ஹின்எஃப்-1 நொதியால வெட்டுங்க. துண்டு திரும்பும்போது வெட்டுற இடமும் திரும்பும்ல? ஆன்ல இருந்தா 489, 70. ஆஃப்ல இருந்தா 359, 200. ஒரே ஐசோலேட்டை ரெண்டு விதமா எடுங்க: அகார்ல இருந்து நேரா ஒண்ணு, அசைக்காத ப்ராத்துல 48 மணி நேரம் வச்சு ஒண்ணு. நாற்பதும் வேணாம், பத்து போதும். கூடவே பாப்ஜி. ஃபிம்எச் பேண்டையும் தூக்கிப் போடாதீங்க, சீக்வென்ஸ் பண்ணினா ரகம் பிரிக்கலாம். உலகம் பூரா மருந்துக்கு மசியாம பரவிட்டிருக்கிற ஈ.கோலை ரகமான எஸ்டி131-ல எச்30 கிளைன்னு சொல்றாங்களே, அந்த 30 ஃபிம்எச் நம்பர்தான்.

அகார்தட்டு · அடுத்த ஞாயிறு, இரவு 11:50

எல்லாருக்கும் நன்றி. கைடு முதல்ல "இப்ப எதுக்கு புதுசா?"ன்னார். இந்த இழையைக் காட்டினேன். படிச்சுட்டு, ஹின்எஃப்-1 பக்கத்து லேப்ல இருக்கு, போய்க் கேளுன்னு மட்டும் சொன்னார்.

பத்து ஐசோலேட் ஓட்டிட்டேன். அகார்ல இருந்து எடுத்ததுல எட்டுல 359, 200 மட்டும். ரெண்டுல மட்டும் 489 மங்கலா. ப்ராத்துல வச்சு எடுத்ததுல ஏழுல 489 தெளிவா வந்திருக்கு, கூடவே 359-உம் இருக்கு. கலவைன்னு புரியுது. மூணு மட்டும் என்ன பண்ணினாலும் ஆஃப்லயே கிடக்கு. பாப்ஜி பத்துல நாலுல.

ஆனா 70 பேண்ட் எதுலயும் தெரியலை. நொதி சரியா வெட்டலையா?

வைகைக்கரை · திங்கள், காலை 6:30

வெட்டலைன்னா 559 நின்னிருக்கும். அது இருக்கா?

அகார்தட்டு · திங்கள், காலை 6:41

இல்ல.

வைகைக்கரை · திங்கள், காலை 6:44

அப்ப வெட்டியிருக்கு. 70 குட்டித் துண்டு, சாயமும் கம்மியா ஏறும், ஓடி ஜெல்லை விட்டே இறங்கியிருக்கும். 3 சதவீத அகரோஸ் போட்டு சீக்கிரம் நிறுத்துங்க. அந்த மூணு அடம்பிடிக்கிற ஐசோலேட்டை எழுதாம விட்டுடாதீங்க. அதுல பாப்ஜி இருக்கான்னு முதல்ல பாருங்க.

பழைய_லேப்காரர் · திங்கள், காலை 7:30

ஜெல்லோட விடாதே. ஆன்னு காட்டினது உண்மையிலயே ஒட்டுதான்னு பார்க்கணும். கினிப்பன்றிக்கு இப்ப எதிக்ஸ் கமிட்டி அனுமதி வாங்கவே மூணு வாரம் ஆயிடும், விடு. பேக்கரிக்கு விக்கிற ஈஸ்ட் போதும், அது உடம்பு முழுக்க மேனோஸ்தான். தண்ணியில கரைச்சு ஸ்லைடுல ஒரு சொட்டு, பாக்டீரியா ஒரு சொட்டு. பக்கத்துல மேனோஸ் போட்ட சொட்டு. கருப்புத் துணி மேல வச்சுப் பாரு, திட்டு நல்லாத் தெரியும்.

அகார்தட்டு · திங்கள், காலை 8:02

ஈஸ்ட் பாக்கெட் வாங்கிட்டேன் சார், பதினெட்டு ரூபா. மேனோஸ் டிபார்ட்மென்ட்ல இல்ல.

சும்மா_படிக்கிறவன் · திங்கள், காலை 8:15

எங்க வீட்டுல முக்கால் டப்பா கிடக்கும்மா. அட்ரஸ் தனிச்செய்தியில அனுப்பு.

பழைய_லேப்காரர் · திங்கள், காலை 8:20

லேபிளைப் படிச்சுட்டு அனுப்பு தம்பி. வேற சர்க்கரை, ஃபிளேவர்னு கலந்திருந்தா வேணாம்.